எங்கள் டிராக்டருக்குச் சொந்த ஊர்

எங்கள் சங்கத்துக்கு நான் காரியதரிசி ஆனது கொள்கைப் பிடிப்பினால் அல்ல. ஒர்க்‌ஷாப்பில் இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் ஆனேன். அறுபதுகளின் பின்பாதி அது. அந்தமானில், மின்னி பே பக்கம் இருந்த ஒரு அரசாங்க ஒர்க்‌ஷாப்பில் நான் ஸ்டோர் கிளார்க். மெயின்லேண்டிலிருந்து வந்த குடியேறிகளுக்குக் காட்டை வெட்டி நிலம் கொடுத்திருந்தார்கள். அந்த நிலத்தை உழ டிராக்டர் அனுப்புவது எங்கள் வேலை. கெட்டுப்போன டிராக்டரைத் திருப்பிக் கொண்டுவந்து பார்ப்பதும் எங்கள் வேலை. இரண்டாவது வேலைதான் அதிகம் இருந்தது.

சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். தலைவர் ஒரு மலையாளி ஃபிட்டர். அவர் பேச ஆரம்பித்தால் கையில் உள்ள ஸ்பானர் அந்தரத்தில் நின்றுவிடும். கூட்டமெல்லாம் சாத்தம் போகிற ரோட்டில், ராமநாதபுரத்து பாய் ஒருவரின் டீக்கடையில் நடக்கும். அதுவரை சங்கம் சாதித்தது ஒன்றே ஒன்று, கக்கூசுக்குக் கூரை. அதற்கு நான் ஆறு கடிதம் எழுதினேன். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊரில் அது சின்னக் காரியம் இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே போய்விட்டு வந்து எங்களையே கிண்டல் செய்கிறவன் ஒருவன் இருந்தான். அவன்தான் டிராக்டர் டிரைவர்.

திருநெல்வேலிப் பக்கத்து ஆள். வேலையில் கெட்டிக்காரன், வாயில் அதைவிடக் கெட்டிக்காரன். சங்கத்தில் சேரச் சொல்லி நான் ரசீதுப் புத்தகத்தோடு போகும்போதெல்லாம், "அண்ணாச்சி, உங்க சங்கம் வந்து எனக்குக் கிளச்ச மிதிக்குமா? இல்ல, சேத்துல மாட்டுனா தள்ளுமா? பின்ன எதுக்குவே எனக்கு?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கு அப்போது ஒரே கவலைதான். இரண்டு வருஷம் நடையாய் நடந்து டெலானிபூரில் ஒரு ரூம் குவார்ட்டர்ஸ் வாங்கியிருந்தான். ஊரில் இருக்கிற பெஞ்சாதியைக் கப்பலேற்றி வரவழைக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் புது டிராக்டர் வந்தது. கல்கத்தா ஏஜெண்ட் ஒருவர் மூலமாக வாங்கி, பெட்டியில் அடைத்து, சாத்தம் ஜெட்டியில் இறக்கினார்கள். அதன் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கித்தான் திரை இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே சங்கிலியை இழுத்தால் திரை மேலேறி ரேடியேட்டரை மூடிக்கொள்ளும், விட்டால் கீழே சுருண்டுகொள்ளும். நாங்கள் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒர்க்‌ஷாப்பில் அதற்கு பர்தா என்று பெயர் விழுந்தது.

டில்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்ததும் எங்கள் இன்ஜினியர் சாப் பெயிண்ட் டப்பாவைத் திறக்கச் சொன்னார். கேட்டுக்குப் பெயிண்ட், மரத்துக்குப் பெயிண்ட், புத்தம் புதிய டிராக்டருக்கும் மேலே நாலு கோட் பச்சைப் பெயிண்ட். அதோடு விட்டாரா? பர்தாவை ஏற்றி, அதில் இந்தியில் 'நல்வரவு' என்று வெள்ளையில் எழுதச் சொன்னார். எழுத்து அழகாகத்தான் வந்தது. டில்லிக்காரர்தான் வரவில்லை. கப்பல் தள்ளிப்போயிற்று என்றார்கள், பிறகு விமானம் என்றார்கள், பிறகு அடுத்த மாதம் என்றார்கள். "எப்ப வேணாலும் வருவார். பர்தாவைச் சுருட்டினால் எழுத்து வெடித்துவிடும். அப்படியே இருக்கட்டும்" என்று சாப் உத்தரவு போட்டார்.

டிரைவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நேரே ஸ்டோருக்கு வந்தான். "அண்ணாச்சி, மூஞ்சிய மூடிக்கிட்டு ஓட்டுனா எஞ்சினுக்குக் காத்து எப்படிப் போகும்? பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கான், பாருங்க" என்றான். டிராக்டரோடு வந்த புத்தகம் என்னிடம் இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பாஷை, ஓர் எழுத்தும் புரியவில்லை. ஆனால் படம் இருந்தது. படத்தில் இதே டிராக்டர், பர்தா ஏற்றி மூடியபடி, ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. நான் படத்தின் மேல் விரலை வைத்து, "பாரு, கம்பெனிக்காரனே மூடித்தான் ஓட்டுறான். சேறும் தூசியும் உள்ளே போகாம இருக்கத்தான் இது. உனக்கு அவனைவிட அதிகம் தெரியுமோ?" என்றேன். அவன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டுப் போய்விட்டான். படத்தில் டிராக்டருக்குக் கீழேயும் பின்னாலேயும் ஒன்றுமே இல்லாமல் வெறும் வெள்ளையாக இருந்தது. மை மிச்சம் பிடிக்க அச்சடிக்காமல் விட்டிருக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம், அக்கரையில் பாம்பூஃப்ளாட் பக்கம் ஒரு நெல்வயலில் டிராக்டர் நின்றுவிட்டது. சூட்டைக் காட்டுகிற முள் கப்பலில் வரும்போதே உயிரை விட்டிருந்ததால் எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை. புகை வந்தது, ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். எஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டது. நல்வரவு என்ற எழுத்தோடு அது சேற்றில் நிற்க, உழவுக்குக் காத்திருந்த வங்காளிக் குடியேறிகள் சுற்றி நின்று பார்த்தார்களாம். ஃபெர்ரியில் ஏற்றிக் கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று.

சாப் கல்கத்தா ஏஜெண்டுக்குத் தந்தி அடித்தார். இயந்திரத்தில் குறை இல்லை, இயக்கியவனிடம்தான் குறை என்று பதில் தந்தி வந்தது. மறுநாளே டிரைவருக்கு மெமோ. வேலையிலிருந்து சஸ்பெண்ட், ஒரு மாதத்தில் விசாரணை, குற்றம் உறுதியானால் டிஸ்மிஸ், குவார்ட்டர்ஸைக் காலி செய்து கிடைக்கிற கப்பலில் மெயின்லேண்ட் போக வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், அவன் பெஞ்சாதிக்கு டிக்கெட் ஆகிவிட்டது. விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் வருகிற கப்பலில் அவள் வந்து இறங்குவாள். மூன்று நாள் கழித்து அதே கப்பல் திரும்பும்போது அவளையும் கூட்டிக்கொண்டு அவன் ஏற வேண்டியிருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடைக்கு வந்தான். எப்போதும் போல் கிண்டல் இல்லை. நின்றுகொண்டே, "ரசீதுப் பொஸ்தகம் இருக்கா, அண்ணாச்சி?" என்றான். எனக்கு உள்ளுக்குள் ஒரு அல்ப சந்தோஷம் வந்ததை மறைக்க மாட்டேன். "ஏன்டா, கிளச்ச மிதிக்க ஆள் வேணுமா?" என்று கேட்டும்விட்டேன். கேட்ட மறுவினாடி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் சந்தாக் காசை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

தலைவர் என்னை முறைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தார். "சகாவே, ஏஜெண்டுக்கு எழுதினா ஏஜெண்டோட பதில்தான் கிட்டும். இதைச் செஞ்சு பூட்டின தொழிலாளிக்கு எழுதணும். அவனுக்கும் ஒரு சங்கம் இருக்கும்ல? அந்தப் பர்தா எதுக்குன்னு அவன் சொல்வான்" என்றார். எல்லாரும் பலே என்றார்கள். எந்த ஊருக்கு எழுதுவது என்று நான் கேட்டேன்.

பிறகு ஆளாளுக்கு ஒரு தேசம் சொன்னார்கள். போல்ட்டு அவ்வளவு கெட்டி, ரஷ்யாதான் என்றார் தலைவர். அவருக்கு எது கெட்டியாக இருந்தாலும் ரஷ்யா. தச்சர் ஒருவர் ஜெர்மனி என்றார். யாரும் கேட்காமலேயே பாய், "அது ஜப்பான்காரன் சண்டைக்காலத்துல விட்டுட்டுப் போனது" என்றார். பெட்டி பிரித்தது போன மாதம்தான் என்று சொல்லிப் பார்த்தோம், அவர் கேட்கவில்லை. என்னிடம் இருந்த காகிதத்தில் ஏஜெண்டின் விலாசம் மட்டும்தான். வண்டியில் பித்தளைத் தகடு ஒன்று இருக்கும், அதில் எழுதியிருக்கும் என்று டிரைவர்தான் கடைசியில் சொன்னான். தகடு இருந்தது. நாலு கோட் பச்சைக்கு அடியில் இருந்தது.

அரசாங்கப் பெயிண்டைச் சுரண்டுவது குற்றமா இல்லையா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஸ்டோரிலிருந்து ஒரு பிளேடும் கால் போத்தல் மண்ணெண்ணெயும் கொடுத்தேன். கொடுத்தால் எழுத வேண்டும், அது என் சுபாவம். காரணம் என்ற இடத்தில் 'நாடு கண்டுபிடிக்க' என்று எழுதினேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலைவர் உட்கார்ந்து சுரண்டினார், நாங்கள் சுற்றி மறைத்து நின்றோம். ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது. ரஷ்யாவும் இல்லை, ஜெர்மனியும் இல்லை. வடக்கே, நம் நாட்டில், ரயில் போகிற ஓர் ஊர். ஏதோ குளிர் தேசத்து வரைபடத்தின்படி இங்கேயே செய்தது என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. தலைவர் பிளேடைக் காகிதத்தில் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "இந்த போல்ட்டு நம்ம ஆளு செஞ்சதா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்கு வருத்தமா பெருமையா என்று எனக்கு விளங்கவில்லை.

'காரியதரிசி, தொழிலாளர் சங்கம், டிராக்டர் தொழிற்சாலை' என்று விலாசம் போட்டு, நடந்ததையெல்லாம் எழுதினேன். புத்தகத்துப் படத்தையும் பென்சிலில் வரைந்து வைத்தேன். அந்தத் தொழிற்சாலையில் சங்கம் இருக்கிறதா என்றே எங்களுக்குத் தெரியாது. கக்கூசுக்குக் கூரை போட ஆறு கடிதம் ஆயிற்றே, இதற்கு எத்தனை ஆகும் என்று நான் கவலைப்பட்டேன். கடிதம் கப்பலேறிற்று.

ஒரு மாதம் போயிற்று. பெஞ்சாதி வந்த கப்பலில் தபாலும் வந்தது. தபால் மூட்டை பிரித்து, அடுக்கி, எங்கள் கைக்கு வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் டிரைவர் அவளிடம் எதையும் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியைப் பிரிக்காதே என்று மட்டும் சொல்லியிருக்கிறான். பார்க்கப் போன என்னிடம் அவள் நேராகவே கேட்டாள். "ஏன் அண்ணாச்சி, இது என்ன ஊரு? பொட்டியத் தொறக்கதுக்கும் சர்க்கார் ஆர்டர் போடணுமா? நாலு நா கப்பல்ல வாந்தி எடுத்து வந்தவ, மாத்துச் சேலை இல்லாம நிக்கேன்." நான் ஈரப்பதம், பூச்சி, என்று என்னென்னவோ உளறினேன். அவள் என்னை நம்பவில்லை. அந்தப் படத்தைக் காட்டி அவள் புருஷன் வாயை அடைத்தவன் நான்தானே.

விசாரணை அன்று காலையில் கடிதம் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்து, கீழே குர்முகியிலும் இந்தியிலும் பத்துப் பதினைந்து கையெழுத்து. தபால் ஆபீஸ் வாசலிலேயே பிரித்துப் படித்தேன்.

'தோழரே, அந்தத் திரை பனிக்காகப் போட்டது. வரைபடம் வந்த தேசத்தில் குளிர்காலத்தில் அதை மூடாவிட்டால் எஞ்சின் சூடே ஆகாது. நீங்கள் அனுப்பிய படத்தில் வெள்ளையாக இருப்பது பனி. நம் நாட்டுக்கு இது எதற்கு என்று நாங்களும் கேட்டோம். வரைபடத்தில் இருக்கிறது, பூட்டு என்றார்கள். காலையிலிருந்து மாலைவரை பூட்டுகிறோம். உங்கள் ஊரில் அதை அறுத்துக் காய்கறிப் பை தைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் மேல் குற்றமில்லை. இதை எழுதுகிறவன் அந்தத் திரையைப் பூட்டுகிற ஆள்தான். அவருக்கு வேலை கிடைத்ததா என்று அவசியம் எழுதவும்.'

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. நான் வெறும் வெள்ளைக் காகிதம் என்று நினைத்தது பனி. வெயிலையும் மழையையும் தவிர வேறொன்றும் பார்க்காதவனுக்குப் பனியை யார் காட்டினார்கள்?

சங்கத்து ஆள் விசாரணையில் உட்காரச் சட்டத்தில் இடம் உண்டு என்று தலைவர் சாப்பிடம் அடித்துச் சொல்லிவிட்டார். உண்டா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. சாப்புக்கும் தெரியவில்லை, அதனால் உட்கார்ந்தோம். சாப் கடிதத்தை வாங்கிப் படித்தார். பாதியில் முகம் மாறிற்று. பர்தாவை மூடச் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவரே அவர்தான். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவர்தான் தொண்டையைக் கனைத்தார். "சாப், யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம். குளிரான தேசத்துச் சாமான், இங்க உஷ்ணம். அவ்வளவு தானே?" என்றார். சாப் சட்டென்று நிமிர்ந்தார். "பில்குல் டீக், ரொம்பச் சரி" என்றார். பழுதுக்குக் காரணம் 'வரைபடம் தோன்றிய நாட்டின் தட்பவெப்பம்' என்று தீர்ப்பு எழுதப்பட்டது. ஒரு தேசத்தின் பனிக்கு அந்தமானில் தண்டனை விதித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். டிரைவர் வீட்டுக்கு ஓடினான். அவனே போய்ப் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்துக் கொடுத்தானாம். சாயங்காலம் எல்லாருக்கும் பாய் கடையில் அவன் செலவில் டீ.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிம்மதியான மனுஷனாக இருந்திருப்பேன். சாப் அந்தக் கடிதத்துக்கு நகல் எடுத்து, புது எஞ்சின் கொடு என்று தொழிற்சாலை நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டார். கடிதத்தைக் கேட்டதும் மூலத்தையே அவர் கையில் கொடுத்தவன் நான். இரண்டு கப்பல் கழித்து அந்தச் சங்கத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தொழிற்சாலை விஷயத்தை வெளியே சொன்னதாக, எங்களுக்கு எழுதிய ஆளை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவன் எழுதியது உண்மைதான், ஒரு தொழிலாளியின் வேலையைக் காப்பாற்றத்தான் எழுதினான் என்று விசாரணையில் காட்ட வேண்டும். நடந்தது என்ன, திரையை மூடச் சொன்னது யார், எவ்வளவு நாள் மூடி ஓடியது, எல்லாவற்றையும் டிரைவர் கையெழுத்தோடு எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும் என்று கேட்டிருந்தார்கள்.

டீக்கடையில் படித்துக் காட்டினேன். எல்லாரும் டீயைப் பார்த்தார்கள். எழுதினால் சாப் பெயர் வரும். தீர்ப்பு கிழியும். டிரைவர் கதி மறுபடி அந்தரத்தில் நிற்கும். கடிதம் கடலில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று நான் யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிஜமாகவே யோசித்தேன். டிரைவர், "நாளைக்குச் சொல்லுதேன்" என்று எழுந்து போனான்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடக்கே அந்த மனுஷனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எங்கள் டிரைவரை வேலையை விட்டு எடுக்கச் சாப்பால் முடியவில்லை, தூரத்து மாயாபந்தருக்கு மாற்றத்தான் முடிந்தது. ஆனால் அதெல்லாம் எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

மறுநாள் டிரைவர் ஸ்டோருக்கு வந்தான். எழுதுங்க அண்ணாச்சி என்றான். நான் டைப் அடித்தேன். முதல் பத்தியில் சாப் உத்தரவு. இரண்டாவது பத்தியில், சந்தேகம் கேட்கப் போன டிரைவருக்கு ஸ்டோர் கிளார்க் ஒரு படத்தைக் காட்டினார் என்றும், பனியை வெறும் காகிதம் என்று நினைத்துவிட்டார் என்றும் அடித்தேன். என் மடத்தனத்தை நானே மூன்று நகலில் அடித்தேன். அதைப் படித்துக் காட்டியபோது மட்டும் அவன் கொஞ்சம் சிரித்தான்.

பேனாவைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டேன். "வீட்டுல சொன்னியா? இனிமே என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். முழுசாச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"அந்த ஆளுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பால்லான்னு கேட்டா" என்றான்.

மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டான். நான் அதற்குக் கீழே போட்டேன்.